விறகுக் கட்டை மறைச்சு வச்சுட்டு எடுத்த போட்டோ

எங்கம்மா இருக்கற தேயிலை எஸ்டேட் லைன்ல, அதாவது தொழிலாளிங்க வரிசை வீட்டுல, "புகையில்லா கிராமம்"னு போர்டு நட்டு போட்டோ எடுத்தாங்க. அதை நான் ஷேர் பண்ணி, கேஸ் இணைப்பு குடுத்தீங்க, அதுல ரெண்டாவது சிலிண்டர் எத்தனை வீட்டுக்குப் போச்சுன்னு கேட்டேன். அதுக்குக் கீழ நடந்த சண்டை உங்கள்ல பாதி பேருக்குத் தெரியும். ரெண்டு நாளா பதிலே எழுத வேணாம்னுதான் இருந்தேன். நேத்து ராத்திரி ஒரு தம்பி வந்து, "கேஸ் குடுத்தும் விறகுதான் எரிப்பேன்னா அது அவங்க புத்தி, கவர்மெண்ட் என்ன பண்ணும்"னு எழுதியிருக்காப்ல. அதுக்கு அறுபது எழுபது லைக். லைக் போட்டவங்கள்ல எனக்கு நேர்ல தெரிஞ்சவங்களும் இருக்காங்க, எங்க வீட்டுல வந்து சாப்ட்டவங்களும் இருக்காங்க. அதுக்கப்புறம் தூக்கம் வரல.

போட்டோல தெரியாததைச் சொல்றேன். "புகையில்லா கிராமம்"னு அந்த போர்டை நடறதுக்கு முன்னாடி, காலைல ஏழு மணிக்கெல்லாம் ஆள் வந்து, லைன் வீட்டு வாசல்ல அடுக்கியிருந்த விறகையெல்லாம் கண்ணுல படாம எடுத்துப் போடச் சொல்லியிருக்காங்க. எங்கம்மாவுக்கு அறுபத்து நாலு வயசு. சீகை விறகு, கற்பூர மரத்துக் கிளை, கவாத்து வெட்டினப்ப பொறுக்கின தேயிலை மிலாறு, எல்லாம் சேத்து ரெண்டு வாரத்துக்கு வர்ற கட்டு அது. அதைத் தூக்கிட்டுப் போய் கக்கூசுக்குப் பின்னால போட்டு, மேல பழைய படங்கை மூடிட்டு, சேலை மாத்திட்டு வந்து போட்டோவுக்கு வரிசையில நின்னிருக்காங்க. போட்டோ எடுக்க வந்தவங்க வண்டி கிளம்பினதும் மறுபடி அதே கட்டை சுமந்துட்டு வந்து மத்தியான உலை வச்சிருக்காங்க. அன்னைக்கு மழை, படங்கு ஓட்டை, பாதி விறகு நனைஞ்சு போச்சு. சாயந்திரம் போன்ல இருமலுக்கு நடுவுல இதை எங்கிட்ட சொன்னாங்க, அதுவும் குறையா சொல்லல, விறகு நனைஞ்சதுதான் அவங்களுக்குக் கவலை.

நான் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், இப்பவும் அதைத்தான் கேக்கறேன். எத்தனை வீட்டுக்கு இணைப்பு குடுத்தோம்னு போர்டு வைக்கறீங்க. அந்த இணைப்புல ரெண்டாவது சிலிண்டர் எத்தனை வீட்டுக்குப் போச்சு? மூணாவது எத்தனை வீட்டுக்குப் போச்சு? அந்தக் கணக்கை ஊர் ஊரா எழுதி வைங்க. இதுல எங்கேயாவது அரசியல் இருக்கா, நன்றி கெட்டத்தனம் இருக்கா, நீங்களே சொல்லுங்க.

இது என் வீட்டுப் புலம்பல் மட்டும் இல்ல. ஏழை வீட்டுப் பொம்பளைங்க பேர்ல கேஸ் இணைப்பு குடுக்கற மத்திய அரசுத் திட்டம் உஜ்வலா, 2016 மே 1ஆம் தேதி உத்தரப் பிரதேசம் பல்லியாவுல தொடங்கினது. 2019 செப்டம்பர்லயே 8 கோடி இணைப்பு முடிச்சாச்சுன்னு அறிவிச்சாங்க, சொன்ன நாளுக்கு முன்னாடியே. அது நெஜமாவே பெரிய காரியம், நான் இல்லைன்னு சொல்லல. ஆனா அதே வருஷம் டிசம்பர்ல நாடாளுமன்றத்துல வச்ச சிஏஜி அறிக்கை, அதாவது அரசாங்கக் கணக்கைத் தணிக்கை பண்றவங்க அறிக்கை, என்ன சொல்லுதுன்னு யாராவது பாத்தீங்களா? 2018 டிசம்பர் கடைசி நிலவரப்படி 3.18 கோடி உஜ்வலா வீடுகளை எடுத்துப் பாத்தா வருஷத்துக்கு சராசரி 3.21 சிலிண்டர். உஜ்வலா இல்லாத சாதாரண வீடுகள்ல அதுக்கு ரெண்டு மடங்கு போல. ஒரு சிலிண்டரை கிட்டத்தட்ட நாலு மாசம் ஓட்டறாங்கன்னா மீதி நாள் சோறு எதுல வேகுது? அதே அறிக்கையில 1.88 லட்சம் இணைப்பு ஆம்பளைங்க பேர்ல போயிருக்குன்னு இருக்கு, பொம்பளைங்களுக்கான திட்டத்துல. சில பேர் கணக்குல ஒரே மாசத்துல 3லேருந்து 41 சிலிண்டர் வரைக்கும் போயிருக்குன்னு இருக்கு. அந்த சிலிண்டரெல்லாம் எந்த ஓட்டலுக்குப் போச்சுன்னு கேக்க வேண்டியவங்க, எங்கம்மா ஏன் விறகு எரிக்கறாங்கன்னு கேக்கறாங்க.

சராசரி இப்ப ஏறிடுச்சு, 2024-25ல 4.47 ஆயிடுச்சுன்னு ஒருத்தர் கமெண்ட்ல போட்டிருந்தார். சரிதான் சார், ஏறியிருக்கு, சந்தோஷம். ஆனா சராசரிங்கறது எட்டு வாங்கினவங்களையும் ஒண்ணுமே வாங்காதவங்களையும் சேத்துப் போட்டு வகுக்கறது. 2021-22ல உஜ்வலா வீடுகள்ல 92 லட்சம் வீடு ஒரு ரீஃபில் கூட வாங்கல, 1.08 கோடி வீடு ஒண்ணே ஒண்ணு வாங்கிச்சு, இது அரசாங்கமே நாடாளுமன்றத்துல சொன்ன பதில். எனக்கு சராசரி வேணாம். அந்த 92 லட்சம் எந்தெந்த ஊர்னு வேணும். ரெண்டாவது சிலிண்டர் வாங்காத வீடு எந்த லைன்ல இருக்கு, எந்தக் காலனியில இருக்கு, எந்தப் பழங்குடிப் பதியில இருக்கு, அது வேணும்.

நான் கோயம்புத்தூர்ல ஒரு சின்ன கம்பெனியில அக்கவுண்ட்ஸ் பாக்கறேன். பெட்டி கேஷ்ல அம்பது ரூபா எடுத்தா வவுச்சர் வைக்கணும். ஆட்டோவுக்குக் குடுத்தேன்னு எழுதினா மட்டும் பத்தாது, எங்கேருந்து எங்க போனே, எதுக்குப் போனேன்னு கேப்பாங்க. கேக்கறது தப்புன்னு நான் ஒருநாளும் நெனச்சதில்ல, அதுதான் கணக்கு. பணம் போச்சுங்கறது பாதிக் கணக்கு, போன எடத்துல வேலை நடந்துச்சாங்கறது மீதி. 2025-26க்கு உஜ்வலா மானியத்துக்கு மட்டும் 12,000 கோடி ஒதுக்கியிருக்காங்க. அந்தப் பணத்துக்கு மீதிக் கணக்கைக் கேட்டா தேசத்துக்கு எதிரா பேசறேன்னு ஒருத்தர் எழுதறார்.

"புத்தி"ன்னு எழுதின தம்பிக்கு வர்றேன். தம்பி, எங்க லைன்ல பக்கத்துப் பக்கத்து வீடு ரெண்டைக் காட்டறேன் வாங்க. எங்கம்மா வச்சிருக்கறது 2007ல கலைஞர் ஆட்சியில ஆரம்பிச்ச இலவச கேஸ் அடுப்புத் திட்டத்துல கெடைச்ச இணைப்பு. பக்கத்து வீட்டு அக்காவோடது உஜ்வலா. ரெண்டு பேரும் ஒரே எஸ்டேட்ல கொழுந்து பறிச்சவங்க, ஒரே கூலி. அக்காவுக்கு ஒரு சிலிண்டருக்கு 300 ரூபா மானியம் வரும், எங்கம்மா அக்கவுண்ட்ல விழறது இருபத்திச் சொச்சம் ரூபா. ஏன்னா ஏற்கெனவே இணைப்பு இருக்கற வீடு உஜ்வலாவுல சேர முடியாது. மாநில அரசு முந்திக்கிட்டு நல்லது பண்ணுச்சு, அதனாலயே எங்கம்மா இந்த 300 ரூபா மானியத்துல இல்லாம போயிட்டாங்க. ஆனா போர்டுல எண்ணும்போது மட்டும் ரெண்டு வீடும் "இணைப்பு பெற்ற வீடு".

சரி, அந்த 300 வர்ற அக்காவாவது நிம்மதியா கேஸ்ல சமைக்குதான்னா அதுவும் இல்ல. மொதல்ல முழுப் பணத்தையும் கையில வச்சிருக்கணும். 2025 ஏப்ரல்ல மெட்ராஸ்லயே 868 ரூபா 50 காசு ஆச்சு, மலைக்கு வந்து சேரும்போது அதுக்கு மேல. வண்டி லைன் வரைக்கும் வராது, ரோட்டுலயே இறக்கிட்டுப் போயிடும், அங்கேருந்து தூக்கிட்டு வர்ற ஆளுக்கு அம்பது ரூபா. எல்லாம் சேத்தா முழுசா ரெண்டு நாள் கூலிக்கு மேல. மானியம் அப்புறமாத்தான் பேங்க்ல வரும். மாசக் கடைசியில கையில முந்நூறு ரூபா இருக்கறவங்ககிட்ட போய், ஆயிரத்தை மொதல்ல கட்டு முந்நூறு திருப்பித் தர்றேன்னா அவங்க என்ன பண்ணுவாங்க? கடைக்காரர்கிட்ட அரிசியை கடன் சொல்லி வாங்கலாம், கேஸை கடன் சொல்ல முடியாது. அஞ்சு கிலோ சிலிண்டர்னு ஒண்ணு இருக்குன்னு சொல்றாங்க, கூலிக்காரங்களுக்குத் தோதானது, நல்ல யோசனைதான், நான் மூணு தடவை போய்க் கேட்டேன், மூணு தடவையும் ஸ்டாக் இல்லைன்னுதான் பதில்.

அப்புறம் கைரேகை. கேஒய்சி, அதாவது ஆள் அடையாளம் சரிபாக்கறது, பண்ணணும்னு அக்காவை வரச் சொன்னாங்க. வருஷக்கணக்கா கொழுந்து கிள்ளின விரலைப் பாத்திருக்கீங்களா? கறை ஏறி நுனியெல்லாம் கருப்பா வெடிச்சு, ரேகை இருக்க வேண்டிய எடத்துல தோல் வழவழன்னு இருக்கும். மெஷின்ல வச்சா எடுக்கல. எண்ணெய் தடவிப் பாரு, துடைச்சிட்டு வைன்னு சொல்லி, கடைசியில நாளைக்கு வாங்கன்னுட்டாங்க. மூணு தடவை போய்ட்டு வந்துச்சு அக்கா, மூணு நாள் கூலி போச்சு, பஸ் காசு தனி. உழைச்சுத் தேஞ்ச விரலுக்கு இந்த தண்டனை. இதுக்குப் பேரு புத்தியா தம்பி?

குளிருக்காக எரிக்கறாங்க, கேஸ் இருந்தாலும் எரிப்பாங்கன்னு ஒரு அண்ணன் சொன்னார். அதுல உண்மை இருக்கு. எங்க பக்கம் மார்கழி தை மாசம் உறைபனி விழும், தகரக் கூரைக்குக் கீழ ராத்திரி ஒக்காந்தா எலும்புல ஊசி குத்தற மாதிரி இருக்கும், அடுப்பு எரியற ரூம்லதான் எல்லாரும் படுப்போம். வெந்நீர் வேணும், வயசானவங்களுக்குச் சூடு வேணும், அதுக்குக் கேஸ் கட்டுபடியாகாது. ஆனா அண்ணே, அப்ப அந்தச் செலவையும் சேத்துத்தான திட்டம் போட்டிருக்கணும்? சமவெளியில சோறு வடிக்கற வீட்டுக்கும் மலையில நெருப்பு இல்லாம ராத்திரி தாண்ட முடியாத வீட்டுக்கும் ஒரே அளவு மானியத்தை வச்சிட்டு, முன்ன வருஷத்துக்கு 12 சிலிண்டருக்குன்னு இருந்ததையும் 9 ஆக்கிட்டு, பத்தலைன்னா அவங்க பழக்கம்னு சொல்றது எந்த ஊர் நியாயம்?

மாநில அரசை ஏன் கேக்கலைன்னா, கேக்கறேன். 2021 தேர்தல் அறிக்கையில திமுக சிலிண்டருக்கு 100 ரூபா மானியம்னு எழுதினதை நான் மறக்கல, எங்கம்மாவும் மறக்கல. அவ்வளவுதான் இதுக்குப் பதில்.

பணம் எங்கேருந்து வரும்னு கேக்கறவங்களுக்கு ஒண்ணு. 2015ல "விட்டுக்கொடுங்கள்"னு கேட்டாங்க. ஒரு கோடிக்கு மேல ஜனங்க மானியத்தை விட்டுக்குடுத்தாங்க. அதுல நானும் ஒருத்தி. மொத மொதல்ல நல்ல சம்பளம் வாங்கின வருஷம் அது. யாரோ ஒரு அம்மா புகையில்லாம சமைக்கட்டும்னு நெனச்சுத்தான் விட்டேன், ஏன்னா என் சின்ன வயசு முழுக்க எங்கம்மாவோட முகத்தை நான் புகைக்கு நடுவுலதான் பாத்திருக்கேன். விடிகாலை நாலரைக்கு ஊதுகுழல் சத்தம் கேக்கும், அப்புறம் இருமல், அப்புறம் சட்டி வைக்கற சத்தம். எங்களுக்கெல்லாம் அதுதான் அலாரம். அப்ப விட்டுக்குடுத்த எனக்கு, அந்தப் பணத்துல எந்த வீட்டுல எத்தனை நாள் அடுப்பு எரிஞ்சுதுன்னு கேக்கற உரிமை இல்லையா? 2020ல விலை எறங்கினப்ப விட்டுக்குடுக்காதவங்க மானியமும் சத்தமில்லாம பெரும்பாலும் நின்னுச்சு. அப்புறம் விலை ஏறினப்ப அது திரும்பி வரல. உஜ்வலா வீடுகளுக்கே 2022 மே மாசம்தான் 200 ரூபான்னு மறுபடி ஆரம்பிச்சாங்க. நடுவுல அந்த விலையைக் கட்டினது யாரு, கட்ட முடியாம காட்டுக்குப் போனது யாரு, அந்தக் கணக்கும் எங்கேயும் இல்ல.

காட்டுக்குப் போறதுன்னா சும்மா இல்ல. எங்க பக்கம் கரடி, காட்டெருமை எல்லாம் வீட்டு வாசல் வரைக்கும் வருது. விறகுக்குப் போற பொம்பளைங்க நாலு பேரா சேந்துதான் போவாங்க, தகர டப்பாவைத் தட்டிக்கிட்டே. எங்கம்மா ஒரு தடவை காட்டெருமையைப் பாத்துட்டு ஓடி விழுந்து முழங்கை பெயர்ந்து மூணு மாசம் வேலைக்குப் போகல. போன வருஷம் மூச்சுத் திணறல்னு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனப்ப அந்த டாக்டரம்மா கேட்ட மொத கேள்வியே, "விறகடுப்பா?" நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். கோயம்புத்தூருக்கு வந்துடுங்கன்னா வர மாட்டேங்கறாங்க. அப்பாவைப் புதைச்ச எடம் அங்க இருக்கு. நான் மாசம் ஒரு சிலிண்டருக்குப் பணம் அனுப்பறேன், அதை அரிசிக்கும் என் கூடப்பொறந்த தம்பியோட பையன் ஸ்கூல் வேனுக்கும் எடுத்துக்கறாங்க. சிலிண்டர் மேல பூ போட்ட துணி போத்தி மூலையில வச்சிருக்காங்க. நான் போற அன்னைக்கு மட்டும் டீ போட அதைத் திறப்பாங்க.

அப்பா குடும்பம் 1964ல இந்தியாவும் சிலோனும் போட்ட ஒப்பந்தத்துல சிலோன்லேருந்து வந்தது. அங்கேயும் லைன், இங்கேயும் லைன். அங்கேயும் எண்ணிக்கையில ஒரு ஆள், இங்கேயும் எண்ணிக்கையில ஒரு ஆள். எத்தனை பேரை அனுப்பறது, எத்தனை பேரை எடுத்துக்கறதுன்னு ரெண்டு அரசாங்கம் ஒக்காந்து எண்ணிச்சு. வந்தவங்க என்ன சாப்ட்டாங்கன்னு எண்ணல. இப்ப இணைப்பை எண்ணறாங்க. இதை எழுதும்போது கை நடுங்குது, கோபமா அழுகையான்னு எனக்கே தெரியல.

நூறு நாள் வேலைத் திட்டத்துக்கு சட்டத்துலயே சமூகத் தணிக்கை வச்சாங்க. கிராம சபையில பேரை வாசிச்சு, உனக்கு எத்தனை நாள் வேலை குடுத்தாங்கன்னு ஊருக்கு முன்னாடி கேப்பாங்க. அதுலயும் கோல்மால் நடந்துச்சு, எனக்குத் தெரியும். ஆனா கேக்கறதுக்குன்னு ஒரு நாள், ஒரு எடம் இருந்துச்சு. அதே மாதிரி ஒரு நாள் இந்தக் கேஸுக்கும் வைங்க. பேரை வாசிங்க. ரெண்டாவது சிலிண்டர் வந்துச்சாம்மா, ஏன் வாங்கலைன்னு கேளுங்க. விறகை ஒளிச்சு வைக்கச் சொல்லாம கேளுங்க.

ஆர்டிஐ மனு, அதாவது தகவல் உரிமைச் சட்டப்படி கேக்கற மனு, எழுதி முடிச்சிட்டேன், பத்து ரூபா போஸ்டல் ஆர்டரும் வாங்கியாச்சு. எங்க லைனுக்குக் கடந்த 12 மாசத்துல எத்தனை ரீஃபில் வந்துச்சு, ஒண்ணு கூட வாங்காத வீடு எத்தனை, யார் பேரும் வேணாம், நம்பர் மட்டும். திங்கக்கிழமை ஸ்பீட் போஸ்ட்ல போகுது. முப்பது நாள்ல பதில் தரணும். வந்தா இங்கேயே போடறேன், வரலைன்னாலும் போடறேன்.

அந்தத் தம்பியோட கமெண்ட்டை நான் டெலிட் பண்ணல, அவரை பிளாக்கும் பண்ணல. லைக் போட்ட என் சிநேகிதங்க யாரும் எடுக்க வேணாம். அடுத்த தடவை ஊருக்கு வர்றப்ப மறுபடி எங்கம்மா கையால சாப்பிடுங்க, ஆனா திண்ணையில ஒக்காராதீங்க, அடுப்படியில வந்து ஒக்காருங்க.