வடிகால் யார் பொறுப்பு?

சென்னை மாநகராட்சி 2023இல் காலநிலைச் செயல்திட்டம் வெளியிட்டது. 2050க்குள் கார்பன் சமநிலை, அதாவது வெளியேறும் கார்பனும் திரும்ப உறிஞ்சப்படும் கார்பனும் சமமாவது, என்பது இலக்கு. வரவேற்க வேண்டிய திட்டம்தான். ஆனால் அதை நிறைவேற்றும் அதிகாரம் மாநகராட்சியிடம் எவ்வளவு இருக்கிறது என்பதுதான் என் கவலை.

வெள்ளத்தையே பார்ப்போம். ஒரே தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது, பக்கத்தில் போகும் கழிவுநீர்க் குழாய் குடிநீர் வாரியத்துடையது. வடிகால் போய்ச் சேரும் அடையாறு நீர்வளத் துறையிடம். எங்கே அடுக்குமாடி வரலாம் என்று தீர்மானிப்பது சி.எம்.டி.ஏ. என்கிற பெருநகர வளர்ச்சிக் குழுமம். கழிவுநீர் அடைத்துக்கொண்டால் சில இடங்களில் அதை வடிகாலுக்குள்தான் திருப்பிவிடுகிறார்கள். ஐப்பசி மழை வரும்போது அந்த வடிகாலில் ஏற்கெனவே பாதிக்குச் சாக்கடை நிற்கும். தூர்வாரி அள்ளிய வண்டலை ஓரத்திலேயே குவித்துவிட்டுப் போவார்கள். லாரி வருவதற்குள் மழை வந்தால் அது திரும்ப உள்ளேதான் போகும். யாரிடம் போய்க் கேட்பது?

2015 டிசம்பர் 1ஆம் தேதி செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றில் விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டார்கள். ஏரி ஒரு துறையிடம், வெள்ளம் புகுந்த சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் தெருக்கள் இன்னொரு அமைப்பிடம். மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்று தணிக்கைத் துறையே பின்னால் சொன்னது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. 2016 அக்டோபரில் மாமன்றத்தின், அதாவது மக்கள் தேர்ந்தெடுத்த மாநகராட்சி மன்றத்தின், காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான். ஏரிகள் வறண்டு ஊரே குடத்தோடு லாரிக்கு நின்ற 2019 கோடையிலும், தி.நகர் மூழ்கிய 2021 நவம்பரிலும் இந்த நகரத்துக்கு ஒரு கவுன்சிலர்கூடக் கிடையாது. எந்த அதிகாரியையும் குறை சொல்லவில்லை, பலர் ராத்திரி பகலாக நின்று வேலை பார்த்தார்கள். ஆனால் மாற்றலாகிப் போகிறவரிடம் போன வருஷத்துத் தண்ணீருக்குக் கணக்குக் கேட்க முடியாது. ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் கேட்கலாம்.

கோடிக்கணக்கில் கான்கிரீட் வடிகால் கட்டியும் 2023 மிக்ஜாம் புயலில் பள்ளிக்கரணை, வேளச்சேரிப் பக்கம் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. சதுப்புநிலத்தைச் சுருக்கிவிட்டு வடிகாலை மட்டும் அகலப்படுத்தி என்ன பயன்? நிலம், ஆறு, வடிகால் மூன்றையும் சேர்த்து முடிவெடுக்கும் ஓர் இடம் வேண்டும், அதில் மேயருக்கும் கவுன்சிலர்களுக்கும் நிஜமான அதிகாரம் வேண்டும். வார்டுக்குள் பகுதிவாரியாக மக்கள் கூடிப் பேசும் ஏரியா சபைகளுக்கு 2022இல் விதிகள் வந்துவிட்டன. அந்தந்தத் தெருவின் வடிகால் வரைபடத்தை அங்கே மக்கள் முன் விரித்து வைக்கட்டும். இந்த மாமன்றத்தின் காலம் 2027இல் முடிகிறது. அடுத்த தேர்தல் ஒரு மழைக்காலம்கூடத் தள்ளிப்போகக் கூடாது.