கண் தெரியாதவர் துணையோடு வாக்களிக்கலாம்

“கண் தெரியாதவருக்குத் தலைமை அலுவலர்தான் புள்ளடி போடுவார், வீட்டாள் கூடப் போக முடியாது” என்று கொழும்பில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவல் தவறு. துணையாள் எவரும் இல்லாவிட்டால்தான் அலுவலரின் உதவி.

இலங்கையின் 2011ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கத் தேர்தல்கள் (விசேட ஏற்பாடுகள்) சட்டப்படி, பார்வைக் குறைபாடோ உடல் இயலாமையோ உள்ளவர் தாம் விரும்பும் ஒருவரை அழைத்துச் செல்லலாம். துணையாக வருபவர் 18 வயதைக் கடந்தவராக இருக்க வேண்டும். வேட்பாளராகவோ கட்சி முகவராகவோ இருக்கக்கூடாது.

சிக்கல் வருவது, துணையாளை அழைத்துச் செல்ல வாக்களிப்பு நிலையத்தில் காட்ட வேண்டிய தகுதிச் சான்றிதழில். படிவத்தைக் கிராம உத்தியோகத்தரிடமோ மாவட்டத் தேர்தல் அலுவலகத்திலோ வாங்கலாம். அதில் அரச வைத்தியரின் உறுதிப்படுத்தல் வேண்டும். பக்கத்துத் தனியார் கிளினிக் முத்திரை செல்லாது. வாக்களிப்பு நாள் காலையில் வைத்தியரைத் தேடி அலைய முடியாது (அன்று யார் கிடைப்பார்?), முன்கூட்டியே எடுத்து வையுங்கள். அடையாள அட்டையும் மறக்க வேண்டாம்.