லிஸ்டில் பெயர் இல்லாத பிள்ளையிடம் என்ன சொல்லப் போகிறோம்?

சேலத்தில் பொங்கல் முடிந்ததும் ஃப்ளெக்ஸ் சீசன் தொடங்கிவிடும். ஐந்து ரோட்டிலிருந்து புது பஸ் ஸ்டாண்டு வரை எந்தப் பக்கம் திரும்பினாலும் "ஆறாம் வகுப்பு முதலே நீட், ஜேஇஇ ஃபவுண்டேஷன்" என்று ஏதாவது ஒரு பள்ளி கூப்பிடும். கீழே சின்ன எழுத்தில் "தேர்வு மூலம் மட்டுமே அனுமதி". பத்து வயதுப் பிள்ளைகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்காரவைத்து, ஓஎம்ஆர் தாளில் வட்டம் நிரப்பச் சொல்லி, அடுத்த வாரமே லிஸ்ட் போடுவார்கள். பெயர் இருந்தால் ஸ்பெஷல் பேட்ச். இல்லாவிட்டால் 'ஜெனரல்'.

அந்த பேட்ச் நல்லதா கெட்டதா என்பதைப் பற்றி ஆளாளுக்கு எழுதியாகிவிட்டது. எனக்கு வேறு ஒரு கேள்வி. இந்தத் தேர்வைப் பற்றிப் பிள்ளையிடம் யார் பேசுகிறார்கள்? நான் பார்த்தவரை பல வீடுகளில் யாரும் பேசுவதில்லை. பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அடுத்தவரிடம்தான் பேசுகிறோம். அண்ணியிடம் போனில், பக்கத்து வீட்டு அக்காவிடம் வாசலில், ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு இன்னொரு அப்பாவிடம். பிள்ளை பின்சீட்டில் உட்கார்ந்து அத்தனையையும் கேட்டுக்கொண்டிருக்கிறது. அதனிடம் நேராகச் சொல்வது மட்டும் "சும்மா ஒரு டெஸ்ட்தான் கண்ணு, பயப்படாத". சும்மா இல்லை என்பது அதற்கு நன்றாகத் தெரியும். சும்மா ஒரு டெஸ்டுக்கு யாரும் கோட்டை மாரியம்மனுக்கு வேண்டிக்கொள்வதில்லை.

நான் ஏற்காடு அடிவாரத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். என் பிள்ளைகள் படிப்பது டவுனில் ஒரு தனியார் பள்ளியில். (ஏன் என்று கேட்பீர்கள். கேளுங்கள், அது தனிப் பதிவு.) அதனால் இந்த விஷயத்தை இரண்டு பக்கமிருந்தும் பார்க்கிறேன். அங்கே ஸ்பெஷல் பேட்ச், இங்கே என்எம்எம்எஸ்.

என்எம்எம்எஸ் தெரியாதவர்களுக்காக: எட்டாம் வகுப்பில் எழுதும் உதவித்தொகைத் தேர்வு. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும். பெற்றோர் ஆண்டு வருமானம் 3,50,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. மனத்திறன் 90 கேள்வி, பாடப்பகுதி 90 கேள்வி, ஒவ்வொரு பகுதிக்கும் 90 நிமிடம். தேர்வானால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய், ஆக வருஷத்துக்கு 12,000. கூலி வேலைக்குப் போகும் வீட்டில் அது பெரிய பணம். தமிழ்நாட்டுக்கு மொத்தம் 6,695 பேருக்குத்தான் கிடைக்கும். எழுதுகிறவர்கள் இரண்டு லட்சத்துக்கும் மேல்.

இந்த எண்களை வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப் போடுகிறேன். கணக்கு டீச்சர்தானே, வேறென்ன தெரியும் எனக்கு. வகுத்துப் பாருங்கள் என்பேன். நூற்றுக்கு மூன்று வரும். "நூறு பேர் எழுதினா தொண்ணூத்தேழு பேருக்குக் கிடைக்காது. அந்தத் தொண்ணூத்தேழு பேரும் மக்கா?" என்று கேட்பேன். சிரிப்பார்கள். ஆனால் அந்தக் கணக்கு உள்ளே போய்விடும். முதல் தடவை எழுதிப் போட்டபோது எங்கள் ஹெச்எம் "பிள்ளைங்க மனசு ஒடிஞ்சிடும் டீச்சர்" என்றார். ஒடியவில்லை. எண்ணைச் சொல்லாமல் "நல்லாப் படிச்சா கண்டிப்பா கிடைக்கும்" என்று மட்டும் சொன்னால்தான் ஒடியும். கிடைக்காத பிள்ளை அந்த வாக்கியத்தைத் திருப்பிப் போட்டுப் பார்க்குமே: கிடைக்கவில்லை, அப்படியானால் நான் நன்றாகப் படிக்கவில்லை.

எங்கள் ஆசிரியர் அறையில்கூடப் பலர் தவிர்க்கும் பேச்சு ஒன்று இருக்கிறது. இட ஒதுக்கீடு. இந்தத் தேர்வில் தேர்ச்சிக்கு 40 சதவீதம் வேண்டும், எஸ்சி, எஸ்டி பிள்ளைகளுக்கு 32 போதும். இறுதிப் பட்டியலிலும் பிரிவுக்குப் பிரிவு கட்-ஆஃப் மாறும். ரிசல்ட் வந்த அன்றைக்கு ஒரு பையன் கேட்டான்: "டீச்சர், அவன் என்னைவிட கம்மி மார்க்கு. அவனுக்கு எப்படி வந்துச்சு?" 'அவன்' இரண்டு பெஞ்சு தள்ளி உட்கார்ந்திருந்தான். மலையாளிப் பழங்குடிப் பையன் (கேரளத்து மலையாளி இல்லை, இந்த மலைவாழ் மக்களின் பெயரே அதுதான்), மேலே ஒரு கிராமம். அப்பாவும் அம்மாவும் காபித் தோட்டத்தில் கூலி. ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறான், வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள்.

"அதெல்லாம் பெரியவங்க விஷயம்" என்று தள்ளிவிட்டிருக்கலாம். தள்ளிவிட்டால் அந்தக் கேள்விக்கான பதிலை அவன் டீக்கடையிலிருந்தோ சித்தப்பாவிடமிருந்தோ எடுத்துக்கொள்வான். என்ன பதிலாக இருக்கும் என்று நமக்குத் தெரியும். நான் சொன்னேன்: "உன் சீட்டை அவன் எடுக்கல. அவன் பிரிவுக்கு இத்தனைன்னு முன்னாடியே தனியா வெச்சது அது. நீ உன் பிரிவுல இருக்கறவங்களோட போட்டி போட்ட. அவங்க தாத்தா காலத்துல பள்ளிக்கூடமே மலை ஏறி வரல. ஏணியில நீ நாலாவது படியில இருந்து ஏறற, அவன் தரையில இருந்து ஏறறான். எத்தனை படி ஏறினீங்கன்னு எண்ணிப் பாரு." அவன் முழுசாக ஒத்துக்கொண்டானா என்று கேட்டால், இல்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் போனான். பரவாயில்லை. பதின்மூன்று வயதில் ஒரே நாளில் புரிய வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. இப்போதெல்லாம் இதை விண்ணப்பம் நிரப்பும்போதே வகுப்பில் சொல்லிவிடுகிறேன். தேர்வுக்கு முன்னால் சொன்னால் பிள்ளைகளுக்கு அது விதி. ரிசல்ட்டுக்கு அப்புறம் சொன்னால் சாக்கு.

இன்னொன்று, பெற்றோரைவிட எங்களைப் போன்ற டீச்சர்களுக்கு. என்எம்எம்எஸ் கோச்சிங்குக்கு யாரை முன்னால் உட்காரவைக்கிறோம்? கையைத் தூக்குகிற பிள்ளையை. அமெரிக்காவில் ஃப்ளோரிடா மாநிலத்து ப்ரோவர்ட் கவுன்டியில் 'கிஃப்டட்' வகுப்புக்கு, அதாவது அதிகத் திறமையுள்ள பிள்ளைகளுக்கான தனி வகுப்புக்கு, முதலில் டீச்சரோ பெற்றோரோ பெயர் கொடுக்க வேண்டும் என்றுதான் வைத்திருந்தார்கள். 2005இல் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்குமே ஒரு பொதுத் தேர்வு வைத்தார்கள். அதுவரை யார் கண்ணிலும் படாத ஏழை வீட்டுப் பிள்ளைகள், கறுப்பின, ஹிஸ்பானியப் பிள்ளைகள் அந்த வகுப்புகளில் வெகுவாகக் கூடினார்கள். பணம் இல்லையென்று அந்தத் தேர்வை நிறுத்தியதும் எண்ணிக்கை பழையபடி இறங்கிவிட்டது. டேவிட் கார்ட், லாரா ஜூலியானோ என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். பிள்ளைகள் அதே பிள்ளைகள்தான், பார்த்த கண்தான் வேறு. 'டீச்சர் என்னைக் கூப்பிடவில்லை' என்பதற்கு 'எனக்கு அறிவு இல்லை' என்று அர்த்தமில்லை. இதையும் பிள்ளையிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது. தானாகப் புரிந்துகொள்ளாது.

அதே நாட்டில் நியூயார்க் நகரத்தில் நாலு வயதுப் பிள்ளைகளுக்கு இந்த 'கிஃப்டட்' வகுப்புத் தேர்வு வைத்து, அதற்கும் கோச்சிங் நடந்தது. 2021இல் அந்தத் தேர்வைக் கைவிட்டார்கள். நாலு வயது! நம் ஊர் ஃப்ளெக்ஸ்காரர்கள் கண்ணில் இது படாமல் இருக்கட்டும்.

சரி, வீட்டுக்கு வருகிறேன். கூட்டுக் குடும்பம். என் மகளும் ஓரகத்தி மகனும் ஒரே பள்ளி, ஒரே வகுப்பு. போன வருஷம் இரண்டு பேரும் அந்த ஸ்பெஷல் பேட்ச் தேர்வு எழுதினார்கள். எழுதுவதற்கு முன்னால் ஒரு சாயங்காலம் இரண்டு பேரையும் மாடியில் உட்காரவைத்துப் பேசினேன். நாற்பது சீட். எழுதப்போவது முந்நூறு பேருக்கு மேல். கேள்வியெல்லாம் கணக்கும் அறிவியலும்தான். நீ வரைகிற படத்தையோ, அவன் வைத்திருக்கிற புறாவையோ பற்றி ஒரு கேள்வியும் வராது. ஒருத்தருக்குக் கிடைத்து ஒருத்தருக்குக் கிடைக்காமல் போகலாம், இரண்டு பேருக்குமே கிடைக்காமலும் போகலாம். கிடைக்காவிட்டால் இப்போதிருக்கிற அதே பள்ளி, அதே வேன், அதே ஃப்ரெண்ட்ஸ்.

மகள் கேட்டாள்: "அப்ப எனக்குக் கிடைக்காதுன்னு சொல்றியாம்மா?"

"கிடைக்குமா கிடைக்காதான்னு எனக்குத் தெரியாது சாமி. கிடைக்கலைன்னா என்ன நடக்கும்னு தெரியும். அதைத்தான் சொல்றேன்."

லிஸ்ட் ராத்திரி ஒன்பது மணிக்கு பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் பிடிஎஃப்பாக வந்து விழுந்தது. பெயரோடு, மார்க்கோடு. அவன் பெயர் இருந்தது. இவள் பெயர் இல்லை. அழுதாள். முன்கூட்டியே பேசியதால் அழ மாட்டாள் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. பேசுவது அழுகையை நிறுத்துவதற்கு இல்லையே. ஆனால் அழுது முடித்ததும் அவள் கேட்டது "நான் மக்காம்மா?" என்று இல்லை. "கடைசி ஆள் எத்தனை மார்க்கு?" என்று கேட்டாள். பார்த்துச் சொன்னேன். மறுநாள் வழக்கம்போல வேன் ஏறினாள்.

எனக்கு அதிகக் கவலை அவனைப் பற்றித்தான். மாமியார் லட்டு எடுத்து வாயில் ஊட்டி, "அப்படியே அவங்க தாத்தா மூளை" என்றார். மச்சினர் அன்றைக்கே "டாக்டர் சார், சாப்பிட வாங்க" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். பாசம்தான், யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் 1998இல் க்ளாடியா ம்யூலர், கேரல் ட்வெக் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனைகள் இருக்கின்றன. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர் கொடுத்து, முடித்ததும் ஒரு குழுவிடம் 'நீ புத்திசாலி' என்றும் இன்னொரு குழுவிடம் 'நன்றாக உழைத்தாய்' என்றும் பாராட்டியிருக்கிறார்கள். அடுத்து எந்த மாதிரிக் கணக்கு வேண்டும் என்றபோது புத்திசாலி என்ற பாராட்டு வாங்கிய பிள்ளைகளில் பெரும்பாலோர் நிச்சயமாக வரும் என்று தெரிந்ததையே கேட்டார்கள். கஷ்டமான புதிரில் தோற்ற பிறகு, மார்க்கை வேறொரு பிள்ளைக்கு எழுதித் தெரிவிக்கச் சொன்னபோது, அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூட்டி எழுதினார்கள். புத்திசாலி என்ற பட்டத்தைக் காப்பாற்ற வேண்டுமே.

எங்கள் வீட்டு டாக்டர் சார் இப்போது வாராந்தர டெஸ்ட் தாளை என் மகளிடம் கொடுத்து ஒளித்துவைக்கச் சொல்கிறான். அவள் வைத்துக்கொடுக்கிறாள். எனக்குத் தெரியும் என்பது இரண்டு பேருக்கும் தெரியாது. ஓரகத்தி இதைப் படித்தால், அக்கா, தயவுசெய்து அவனைக் கேட்காதீர்கள். அந்த 'டாக்டர் சாரை' மட்டும் கொஞ்ச நாளைக்கு நிறுத்தச் சொல்லுங்கள், தாள் தானாக வெளியே வரும். ஃபீஸ் பேச்சையும் அவன் காதுக்கு எட்டாமல் பேசுவோம். "உனக்காக நகையை வெச்சிருக்கோம்" என்று கேட்ட பிள்ளை அந்த பேட்ச் பிடிக்கவில்லை என்று எப்படி வாய் திறக்கும்?

சட்டத்தையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 13. ஆறிலிருந்து பதினாலு வயதுப் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது வடிகட்டும் தேர்வு எதுவும் வைக்கக் கூடாது. முதல் முறை 25,000 ரூபாய் வரை, அப்புறம் ஒவ்வொரு முறைக்கும் 50,000 வரை அபராதம். ஏற்கெனவே படிக்கிற பிள்ளைகளை உள்ளுக்குள் பேட்ச் பிரிப்பது வேறு கதை. ஆனால் வெளியிலிருந்து ஆறாம் வகுப்புக்குச் சேர வருகிற பிள்ளைக்குத் தேர்வு வைத்துவிட்டு அதை 'இன்டராக்ஷன்' என்று சொல்கிறார்களே, அந்தப் பிள்ளையிடமாவது உண்மையைச் சொல்லுங்கள்: உன்னைச் சோதிக்கவே அவர்களுக்கு அனுமதி இல்லை என்று.

தேர்வானால் போகத்தான் வேண்டுமா என்பதையும் பிள்ளையிடம் கேட்க வேண்டும். மாவட்டத்துக்கு மாவட்டம் அரசு மாதிரிப் பள்ளிகள் வந்திருக்கின்றன, தங்கிப் படிக்கும் பள்ளிகள். எங்கள் பள்ளியில் படித்துப் போன ஒரு பெண்ணுக்கு அங்கே இடம் கிடைத்தது. நல்ல வாய்ப்பு, நானே போகச் சொன்னேன். அவள் "தம்பிய யாரு பாத்துக்குவாங்க டீச்சர்?" என்றாள். அம்மா விடிகாலையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்குப் போகிறவர். தம்பிக்கு ஒரு வழி பண்ணிவிட்டு, அப்புறம் அவளைக் கேட்டோம். போனாள். அவளைக் கேட்காமல் வண்டி ஏற்றியிருந்தால் ஒரே வாரத்தில் திரும்பியிருப்பாள் என்பது என் கணிப்பு.

"போட்டி உலகம், இப்பவே பழகட்டும்" என்று சிலர் சொல்வீர்கள். பழகட்டும். விதி தெரியாமல் ஆடினால் என்ன பழக்கம் வரும்? கபடிக்கு அனுப்பும் முன்னால்கூடக் கோடு எங்கே என்று காட்டித்தான் அனுப்புகிறோம்.

மகள் படிக்கும் பள்ளிக்கு நாங்கள் சில பெற்றோர் சேர்ந்து ஒரு கடிதம் கொடுத்திருக்கிறோம். இரண்டே கோரிக்கை. லிஸ்டைக் குழுவில் போடாமல் அவரவர் ரிசல்ட்டை அவரவருக்கு மட்டும் அனுப்புங்கள். எத்தனை சீட், எத்தனை பேர் எழுதுகிறார்கள், அடுத்த வருஷம் திரும்ப எழுதலாமா என்பதைத் தேர்வுக்கு முன்னாலேயே பிள்ளைகளுக்கு அசெம்ப்ளியில் சொல்லுங்கள். கரஸ்பாண்டன்ட் வாங்கிப் படித்துவிட்டு "பார்க்கலாம் மேடம்" என்றார். மாசிக்குள் அடுத்த தேர்வு வைப்பார்கள். பதில் வந்தால் இங்கேயே எழுதுகிறேன். உங்கள் பிள்ளை பள்ளியிலும் இப்படிக் கேட்க வேண்டுமென்றால் கடிதத்தின் நகல் என்னிடம் இருக்கிறது, இன்பாக்ஸில் கேளுங்கள்.