பூஜையில் மேகசினோடு ஒரு பிஸ்டல்

ஆயுத பூஜைக்கு ஒருவர் போட்ட அந்தப் படத்தைப் பற்றித்தான், சரஸ்வதி படத்துக்கு முன்னால் பிஸ்டலை வைத்த படம். எந்தப் படம் என்று நம் டெக்சஸ் குரூப்பில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேகசின் (பிடிக்குள் ஏறும் தோட்டாப் பெட்டி) உள்ளே இருக்கிறதே, பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ராத்திரி முழுக்க அது அங்கேயே இருந்ததா என்று நான் போட்ட இரண்டு வரிக்கு வந்த பதில்களையும் பார்த்திருப்பீர்கள். "நல்ல நாளும் அதுவுமா ஆரம்பிச்சுட்டாங்க." "போய் சுண்டல் தாளிங்க அக்கா." இரண்டு வரியில் புரியவில்லை போல. அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

படத்தில் மேகசின் உள்ளே இருந்தது.

சரஸ்வதி படத்துக்கு முன்னால், பொரிகடலைத் தட்டுக்கும் பையனின் கணக்குப் புத்தகத்துக்கும் நடுவில் ஒரு கிளாக் 19 பிஸ்டல். பிடியின் அடியில் மேகசினின் அடித்தட்டு பளிச்சென்று தெரிகிறது. "லோட் பண்ணியிருக்க மாட்டாங்க" என்று அத்தனை பேர் எழுதினீர்களே, எதை வைத்துச் சொன்னீர்கள்? அந்த மாடலில் சேம்பரில் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையில்) தோட்டா இருந்தால், வலப்பக்கம் இருக்கும் எக்ஸ்ட்ராக்டர் (தோட்டாவை வெளியே இழுக்கும் கொக்கி) ஒரு நூல் அளவு துருத்தி நிற்கும். விரலால் தடவினால் தெரிந்துவிடும். படத்தில் வலப்பக்கம்தான் மேலே இருக்கிறது. ஆனால் சந்தனத்தைக் குழைத்து, குங்குமத்தோடு, சரியாக அந்த இடத்தில்தான் பொட்டு வைத்திருக்கிறார்கள். உள்ளே தோட்டா இருக்கிறதா என்று காட்டும் ஒரே அடையாளத்தையும் மூடியாயிற்று. குழலின் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது? பாயில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் பக்கம்.

சந்தனம் அதோடு நிற்பதில்லை. காய்ந்து எக்ஸ்ட்ராக்டர் கொக்கிக்கு அடியில் இறுகினால், வெடித்த தோட்டாவின் கூடு வெளியே வராமல் சிக்கும். குழலின் வாயில் வைத்து அது உள்ளே இறங்கி அடைத்திருந்தால், அடுத்த முறை சுடும்போது குழல் உப்பிக்கொள்ளும், பிளக்கவும் கூடும். பூஜை முடிந்து துணியால் மேலாகத் துடைத்துப் பெட்டியில் வைப்பவருக்கு இது தெரிய வாய்ப்பே இல்லை.

"மேகசினை உருவிட்டா காலிதானே அக்கா" என்று ஒரு தம்பி மரியாதையாகவே கேட்டிருந்தார். அவருக்காகவே இந்தப் பத்தி. காலி ஆகாது. சில பிஸ்டல்களில் மேகசினை எடுத்துவிட்டால் ட்ரிகர் வேலை செய்யாது. கிளாக்கில் அந்த ஏற்பாடு கிடையாது. மேகசின் கையில் இருக்கும், சேம்பரில் ஒன்று மிச்சம் இருக்கும், ட்ரிகரை அழுத்தினால் வெடிக்கும். தனியாக ஒரு சேஃப்டி விசையும் அதில் இல்லை. அதோடு கிளாக்கைச் சுத்தம் செய்யக் கழற்றும்போது ட்ரிகரை ஒருமுறை அழுத்தியே ஆக வேண்டும். சேம்பரைப் பார்க்காமல் அதைச் செய்து, தன் உள்ளங்கையிலேயே சுட்டுக்கொண்டவர்கள் உண்டு.

காலி செய்ய ஒரு வரிசை இருக்கிறது. விரல் ட்ரிகர் வளையத்துக்கு வெளியே. குழல், யாரும் இல்லாத, குண்டை நிறுத்தக்கூடிய ஒரு திசையில். முதலில் மேகசினை உருவி எடுத்துத் தள்ளி வையுங்கள். அதற்குப் பிறகுதான் ஸ்லைடை (பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் நகரும் பாகத்தை) முழு பலத்தோடு பின்னால் இழுக்க வேண்டும். ஒரு தடவை போதாது, மூன்று தடவை. பிறகு ஸ்லைடைப் பின்னாலேயே பூட்டி நிறுத்தி, வெளிச்சத்தில் சேம்பருக்குள் பாருங்கள். சுண்டு விரலை விட்டுத் தொட்டும் பாருங்கள்.

இந்த வரிசை மாறினால் என்ன ஆகும் தெரியுமா? முதலில் ஸ்லைடை இழுத்தால் சேம்பரில் இருந்த தோட்டா வெளியே தெறிக்கும். அதைக் கண்ணால் பார்த்து நிம்மதி ஆகிவிடுவீர்கள். ஆனால் ஸ்லைடு திரும்பி வரும்போதே மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவைத் தள்ளிக்கொண்டு போய் உள்ளே வைத்துவிடும். அப்புறம் மேகசினை எடுக்கிறீர்கள். கையில் மேகசின், தரையில் ஒரு தோட்டா, சேம்பரில் இன்னொன்று. "காலி துப்பாக்கிதான் வெடிச்சுது" என்று போலீஸிடம் சொல்லப்படும் கதைகளில் எத்தனையோ இப்படித்தான் நடந்தவை. எக்ஸ்ட்ராக்டர் உடைந்திருந்தால் எத்தனை தடவை இழுத்தாலும் தோட்டா வராது. அதனால்தான் கண்ணும் விரலும் வேண்டும் என்கிறேன்.

என் துப்பாக்கி வகுப்புக்கு வரும் நம்மவர்களிடம் இதைச் சொன்னால் ஆண்கள் பாதிப் பேர் தலையாட்டிவிட்டு, "சுடுறது எப்போ?" என்று கேட்பார்கள். கூட வந்த மனைவிதான் மெதுவாக, "இதை வீட்ல எங்க வைக்கணும்?" என்பார். கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான். அதைக் கேட்டவரைத்தான் எல்லாரும் பயந்தாங்கொள்ளி என்கிறார்கள்.

"கத்தி, அரிவாள்மனை எல்லாம் பூஜையில வைக்கிறோமே, அதுக்கு ஏன் கத்தலை?" என்ற கேள்விக்குத்தான் அதிக லைக். அரிவாள்மனையால் அடுத்த அறையில் தூங்குகிறவரை ஒன்றும் செய்ய முடியாது. இங்கே வீட்டு உள்சுவர் செங்கல் இல்லை. மரச்சட்டத்தின் இரு பக்கமும் அரை அங்குல ஜிப்சம் பலகை, அவ்வளவுதான். 9 மி.மீ. குண்டு அப்படிப்பட்ட பல சுவர்களைத் துளைத்துக்கொண்டு போகும். நான் நம் சம்பிரதாயத்தை இழிவுபடுத்துகிறேனாம். என் வீட்டிலும் ஆயுத பூஜை உண்டு. துப்பாக்கிக்கும் பொட்டு வைக்க வேண்டுமா, தாராளமாக வையுங்கள். பூட்டிய பெட்டியின் கதவில் வையுங்கள்.

சரஸ்வதி பூஜையில் வைத்ததை விஜயதசமி காலையில் மறுபூஜை செய்துதானே எடுப்போம்? அப்படியென்றால் ராத்திரி முழுக்க அது அங்கேயே இருந்ததா? பிள்ளைகள் இருக்கும் வீட்டில்? இதைத்தான் கேட்டேன். பதில் வரவில்லை, சுண்டல்தான் வந்தது.

"எங்க பசங்களுக்கு சொல்லிக் குடுத்திருக்கோம், தொட மாட்டாங்க." இதை நம்பாத பெற்றோர் இல்லை. 2001-ல் பீடியாட்ரிக்ஸ் என்ற குழந்தை மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. 8 முதல் 12 வயதுப் பையன்களை இரண்டு மூன்று பேராக ஓர் அறையில் விட்டு, இழுப்பறைக்குள் நிஜத் துப்பாக்கியைச் சுட முடியாதபடி மாற்றி வைத்திருந்தார்கள். 29 குழுக்களில் 21 அதைக் கண்டுபிடித்தன. 16 குழுக்கள் கையில் எடுத்தன. 10 குழுக்கள் ட்ரிகரை அழுத்தின. அப்படி எடுத்த, அழுத்திய பையன்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஏற்கெனவே பாதுகாப்புப் பாடம் கேட்டவர்கள். உங்கள் பிள்ளை நல்ல பிள்ளைதான். அந்தப் பையன்களும் நல்ல பிள்ளைகள்தான்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 17 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை கையில், உடனே சுடக்கூடிய துப்பாக்கி உங்கள் கவனக்குறைவால் கிடைத்தால் டெக்சஸில் அது குற்றம். அதே பதிவில் இருந்த இரண்டாவது படம் அதைவிட என்னைப் பதற வைத்தது. ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா கையில் பிஸ்டலைக் கொடுத்து, சிரிக்கச் சொல்லி எடுத்திருக்கிறார்கள். விசிட்டர் விசா, எச்-1பி, எல்-1, எஃப்-1 என்று தற்காலிக விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள்தான் உண்டு. சொந்தமாக வாங்கினால்தான் குற்றம் என்று நினைக்காதீர்கள், கையில் பிடித்திருப்பதே போதும். 2022-லிருந்து இதற்கு அதிகபட்ச தண்டனை 15 ஆண்டு. அந்தப் பெரியவருக்கு இதெல்லாம் தெரியுமா? ஆசையாகப் பேரனோடு நின்றார், பாவம். அவரை அங்கே நிறுத்தியவர்தான் யோசித்திருக்க வேண்டும்.

துப்பாக்கியே வேண்டாம் என்பவர்களோடு இன்று எனக்கு வாதமில்லை. வாங்கிவிட்டவர்களிடம்தான் பேசுகிறேன்.

"பூட்டி வெச்சா திருடன் வரும்போது எப்படி எடுக்கிறது?" இது நியாயமான கேள்வி. படுக்கையறையில் சுவரிலோ கட்டிலிலோ போல்ட் போட்டு இறுக்கிய, பொத்தான் அழுத்தித் திறக்கும் சின்னப் பெட்டி போதும். பழகினால் சில நொடியில், இருட்டிலும் திறக்கலாம். கைரேகை மட்டும் இருக்கும் பெட்டியை நம்பாதீர்கள். ஈரக் கை, மருதாணிக் கை என்றால் திறக்காமல் அடம்பிடிக்கும். பேட்டரியை வருஷத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். பிள்ளையின் பிறந்த நாளை ரகசிய எண்ணாக வைக்காதீர்கள்.

எடுத்த பிறகு வீடு முழுக்கத் திருடனைத் தேடிக்கொண்டு போகவும் கூடாது. எல்லாரையும் ஓர் அறைக்குள் சேர்த்து, கதவைப் பூட்டி, 911-ஐ அழைத்து, அங்கேயே இருங்கள். கையில் தனியாக ஒரு டார்ச் வேண்டும். துப்பாக்கியில் பொருத்திய விளக்கால் ஒருவரைப் பார்ப்பது என்றால் குழலை அவர் மேல் நீட்டுவது என்று அர்த்தம். நம் வீடுகளில் ஊரிலிருந்து வந்த அம்மாவுக்கு ஜெட்லேக் இருக்கும். ராத்திரி மூன்று மணிக்கு, யாரையும் எழுப்பக் கூடாது என்று லைட்கூடப் போடாமல், சமையலறையில் காபிக்குப் பால் தேடிக்கொண்டிருப்பார். அந்தச் சத்தம் கேட்டு இருட்டில் துப்பாக்கியோடு இறங்கி வருகிறவரை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

வெளியே எடுத்துச் செல்லும் லைசென்ஸ் தேர்வில் 3, 7, 15 கஜத்தில் 50 தோட்டா சுட்டுத் தேறிவிட்டேன் என்று சர்ட்டிஃபிகேட்டைப் போட்டிருந்தார் ஒருவர். வாழ்த்துகள். அது வெளிச்சத்தில், அசையாத காகிதத்தின் மேல் சுட்டது. அந்த லைசென்ஸே 2021 செப்டம்பர் 1 முதல் பெரும்பாலானவர்களுக்குக் கட்டாயம் இல்லை. வீட்டில் வைத்துக்கொள்ள அதற்கு முன்பும் தேவைப்பட்டதில்லை. உங்களை யாரும் வந்து சோதிக்கப் போவதில்லை. தினமும் பார்க்க வேண்டியது நீங்கள்தான்.

இதை எழுத நினைக்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். நாம் எல்லாரும் வெளியிலிருந்து வரும் திருடனைப் பற்றியே பேசுகிறோம். 2021-ல் இந்த நாட்டில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். பாதிக்கும் மேல். மார்க் குறைந்த பிள்ளை, எதிர்பார்த்த காலேஜ் கிடைக்காத பிள்ளை, யாரிடமும் பேசாமல் மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டிருக்கும் பிள்ளை நம் வீடுகளிலும் இருக்கிறது. அந்த எண்ணம் பல நேரம் கொஞ்ச நேரத்தில் தணிந்துவிடக் கூடியது. அந்தக் கொஞ்ச நேரம் பெட்டி பூட்டியிருக்க வேண்டும், எண் அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கக் கூடாது. யாராவது மனம் உடைந்திருப்பதாகத் தெரிந்தால் துப்பாக்கியை வீட்டை விட்டே அப்புறப்படுத்துங்கள். தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988-க்கு எந்த நேரமும் போன் செய்யலாம். இதற்கும் ஹாஹா போடுகிறவர்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

படத்தைப் போட்டவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. மேகசின் உள்ளே இருந்தது என்று சொன்னவளைப் பார்த்துச் சிரித்தீர்களே, அதுதான் வலிக்கிறது.

பெட்டி வாங்கும் வரை என்ன செய்வது என்று யாராவது கேட்டால்: 2005-ல் வந்த கூட்டாட்சிச் சட்டப்படி, கடையில் கைத்துப்பாக்கி விற்கும்போது கூடவே ஒரு பூட்டோ பாதுகாப்புச் சாதனமோ தர வேண்டும். பெரும்பாலும் பிளாஸ்டிக் உறையில் கேபிள் பூட்டாக, பிரிக்காமலே பெட்டியில் கிடக்கும். மேலே சொன்னபடி காலி செய்து, ஸ்லைடைப் பின்னால் நிறுத்தி, கூடு வெளியேறும் துவாரம் வழியாகக் கேபிளை விட்டு, மேகசின் நுழையும் வாய் வழியாக வெளியே எடுத்துப் பூட்டுங்கள். ஸ்லைடு மூடாது, மேகசினும் ஏறாது. தோட்டாக்களை வேறு இடத்தில் வைத்துப் பூட்டுங்கள். கேபிளைத் தொலைத்துவிட்டவர்கள் உங்கள் ஊர் போலீஸ் ஸ்டேஷனில் கேளுங்கள். பிராஜெக்ட் சைல்ட்சேஃப் திட்டத்தில் பல ஸ்டேஷன்களில் இலவசமாகவே தருகிறார்கள்.