கீழாநெல்லி ஏழே நாளில் கல்லீரல் கொழுப்பைக் கரைக்குமா?

“கீழாநெல்லிச் சாறு ஏழு நாள் வெறும் வயிற்றில் குடிங்க, ஃபேட்டி லிவர் ஓடிப்போகும், மாத்திரையே வேணாம். சென்னை ஆராய்ச்சியில் நிரூபணம்!” ராயபுரம், வண்ணாரப்பேட்டை வாட்ஸ்ஆப் குழுக்களில் சுற்றும் இந்தச் செய்தி தவறு.

ஆராய்ச்சி நடந்தது என்னவோ உண்மை. 1988-ல் சென்னையில் செய்த ஆய்வு ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்தது. ஆனால் அது ஹெபடைட்டிஸ் பி வைரஸைப் பற்றியது. கொழுப்பைப் பற்றி அல்ல. பின்னர் வேறு இடங்களில் செய்து பார்த்தபோது வைரஸுக்குச் சொன்ன அந்தப் பலனும் அப்படியே கிடைக்கவில்லை. காமாலைக்கு ஆயா அரைத்துக் கொடுத்த ஞாபகம்தான் இதை நம்பவைக்கிறது போலும்.

கொழுப்பு இறங்க எடை இறங்க வேண்டும். 80 கிலோ இருப்பவர் 4 கிலோ குறைத்தாலே கல்லீரல் கொழுப்பு குறையும். கல்லீரல் வீக்கம் அடங்க 6 கிலோ, அதில் விழுந்த தழும்பு ஆற 8 கிலோ. ஏழு நாளில் ஆகாது, மாதங்கள் பிடிக்கும். வாரத்துக்கு 150 நிமிடம் வேக நடை. பர்மா பஜார் பக்கம் எப்போதாவது சாப்பிடும் அத்தோ (பர்மிய நூடுல்ஸ்) அல்ல பிரச்சினை; தினமும் நாலு டீயில் விழும் சர்க்கரை, சாயங்கால கூல்டிரிங்ஸ், குடி, இவற்றில்தான் கை வைக்க வேண்டும்.

மருந்தே கிடையாது என்பதும் பழைய கதை. கல்லீரலில் வீக்கத்தோடு ஓரளவு தழும்பும் விழுந்தவர்களுக்கு ரெஸ்மெட்டிரோம் (மார்ச் 2024), செமாக்ளூடைட் (ஆகஸ்ட் 2025) இரண்டுக்கும் அமெரிக்காவில் அனுமதி உண்டு. ஸ்கேனில் ‘கிரேடு 1’ (லேசான கொழுப்பு) என்று வந்த எல்லாருக்கும் அல்ல.

சாறு குடிக்கிறவர்கள் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள்.