நடந்தால் மனச்சோர்வு மாத்திரை வேண்டாமா?

புதுச்சேரி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் செய்தி: "தினமும் கடற்கரைச் சாலையில் அரைமணி நேரம் நடங்க, மனச்சோர்வு மாத்திரையைத் தூக்கிப் போடுங்க." பாதி சரி, பாதி ஆபத்து.

நடப்பது மூளைக்கு நல்லதுதான். 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், ஓராண்டு வாரம் 3 நாள் நடைப்பயிற்சி செய்த முதியவர்களுக்கு, நினைவாற்றலுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதி சுமார் 2% பெருத்தது. கைகால் நீட்டும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்குச் சுருங்கியது. உடற்பயிற்சியால் மனச்சோர்வும் ஓரளவு தணியும்.

ஆனால் மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், தூக்கமின்மை, படபடப்பு வரலாம்; நோயே திரும்பலாம். அப்போது ஃபார்வர்டு செய்தவரா வந்து பார்ப்பார்? எப்போது, எவ்வளவு குறைப்பது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அதுவரை நடையும் மாத்திரையும் சேர்ந்தே நடக்கட்டும். மனம்விட்டுப் பேச, அரசின் கட்டணமில்லாத மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண்: 14416.