காரணி 0.1 என்று எழுதிவிட்டால் வயல் கேட்டுக்கொள்ளுமா?

அணு விபத்தில் மண்ணில் விழுந்த சீசியம் என்ற கதிரியக்கத் தனிமம் பயிருக்கு எவ்வளவு ஏறும் என்று கணக்குப் போடுபவர்கள் முதலில் கையில் எடுப்பது பரிமாற்றக் காரணியை. ஒரு கிலோ விளைபொருளில் உள்ள பெக்கரலை (கதிரியக்கத்தின் அலகு) ஒரு கிலோ காய்ந்த மண்ணில் உள்ள பெக்கரலால் வகுத்தால் அது கிடைத்துவிடும். பிறகு ஒரே ஒரு பெருக்கல், அவ்வளவுதான் மாடல். எனக்கு இதில் பெரிய மனக்குறை உண்டு.

ஜப்பானின் ஃபுகுஷிமாவையே எடுத்துக்கொள்வோம். அணுமின் நிலைய விபத்து 2011 மார்ச்சில். நடவுக்குச் சில வாரங்களே இருந்தன. அரிசிக்கு அப்போதைய தற்காலிக வரம்பு கிலோவுக்கு 500 பெக்கரல். தீட்டாத அரிசிக்குக் காரணி 0.1 என்று வைத்து, ஒரு கிலோ மண்ணில் 5000 பெக்கரலுக்கு மேல் இருந்தால் நடவு கூடாது என்றார்கள். அந்த 0.1 பழைய அணுகுண்டுச் சோதனைத் தூசு விழுந்த வயல்களின் அளவீடுகளைப் பார்த்து, சராசரிக்கு நன்றாக மேலே வைத்த எண். அக்டோபரில் மாகாண அரிசி பாதுகாப்பானது என்று அறிவிப்பும் வந்தது. நவம்பரில், நடவுக்கு அனுமதி பெற்றிருந்த ஓனாமி பகுதி அரிசியில் 630 பெக்கரல்! மண்ணில் முழு 5000 இருந்ததாகவே வைத்தாலும் காரணி 0.126 ஆகிறது.

எங்கே தவறியது? பொட்டாஷில், அதாவது மண்ணின் பொட்டாசியச் சத்தில். வேருக்கு சீசியமும் பொட்டாசியமும் ஏறக்குறைய ஒரே வாசல். மண்ணில் பொட்டாசியம் குறைந்தால் நெல் அதை இழுக்கும் கடத்திப் புரதங்களைக் கூட்டிக்கொள்கிறது, சீசியமும் கூடவே நுழைகிறது. புதிதாக விழுந்த சீசியம் களிமண் தகடுகளின் ஓரங்களில் இறுகச் சிக்கக் காலம் பிடிக்கும் என்பதால் பழைய தூசின் எண்ணும் முதல் ஆண்டுக்குப் பொருந்தாது.

அதன் பிறகு ஜப்பானில் வைத்த இலக்கு, 100 கிராம் மண்ணுக்குப் பயிருக்குக் கிடைக்கும் பொட்டாஷ் 25 மில்லிகிராம். உங்கள் வயலில் 10தான் இருக்கிறது என்று வையுங்கள். 15 செ.மீ. உழவு மண், கன செ.மீ.க்கு 1 கிராம் அடர்த்தி என்றால் சதுர மீட்டருக்கு 150 கிலோ மண். பற்றாக்குறை 22.5 கிராம், அதாவது ஹெக்டேருக்கு 225 கிலோ. மூட்டையில் வரும் பொட்டாஷ் உரத்தில் சத்து 60 சதவீதமே, ஆகவே 375 கிலோ உரம். ஏக்கருக்கு 50 கிலோ மூட்டை மூன்று. அதையும் அடியுரமாகப் போட வேண்டும், கதிர் வரும்போது போட்டுப் பெரிய பயனில்லை. வைக்கோலை வயலைவிட்டு வெளியேற்றினால் பொட்டாஷும் கூடவே போய்விடும். 2012 முதல் அங்கே 30 கிலோ மூட்டை ஒவ்வொன்றையும் சோதித்தார்கள்; 2015 அறுவடையிலிருந்து, 100 ஆகக் குறைத்த புதிய வரம்பைத் தாண்டிய மூட்டை ஒன்றுகூட அந்தச் சோதனையில் இல்லை.

சீசியம் மண்ணில் கீழே இறங்கும் கணக்கு இவ்வளவு சிக்கலில்லை. பங்கீட்டுக் கெழு (மண்ணில் ஒட்டியதற்கும் நீரில் கரைந்ததற்கும் உள்ள விகிதம்) கிலோவுக்கு 1000 லிட்டர், மண் அடர்த்தி 1.3, மண்ணின் கன அளவில் நீரின் பங்கு 0.4 என்றால் சீசியம் தண்ணீரைவிட 3251 மடங்கு மெதுவாக நகரும். ஆண்டுக்கு 1000 மி.மீ. நீர் வடிந்தாலும் அது இறங்குவது 0.8 மி.மீ.கூட இல்லை. இன்னொரு கதிரியக்கத் தனிமமான ஸ்ட்ரான்சியத்துக்குக் கெழு 20 என்று எடுத்தால் அதே வயலில் 38 மி.மீ. உழாத நிலத்தில் மேல் 5 செ.மீ. மண்ணை வழித்தெடுப்பது சீசியத்துக்குச் சரிப்பட்டு வருவது இதனால்தான். ஒருமுறை உழுதுவிட்டால் இந்தக் கணக்கைக் கிழித்துப் போடலாம்.

மாதிரி எடுப்பதில் நடக்கும் கூத்து தனி. சிலர் ஈர எடையையும் காய்ந்த எடையையும் கலந்துவிடுவார்கள். 20 செ.மீ. ஆழ மண்ணுக்கான காரணியை 5 செ.மீ. மாதிரியில் பெருக்குபவர்களும் உண்டு. பல மடங்கு சிதறும் எண்களுக்குப் பெருக்குச் சராசரி (எண்களைப் பெருக்கி மூலம் எடுப்பது) எடுக்காமல் கூட்டி வகுப்பதும் நடக்கிறது. கீரைதான் இதில் பெரிய பொல்லாப்பு. 100 கிராம் காய்ந்த இலையில் 1 கிராம் மண் ஒட்டியிருந்தால் அதுவே 0.01 காரணியாகக் கணக்கில் ஏறும். உண்மைக் காரணியும் 0.01 என்றால் உங்கள் விடை இரட்டிப்பு, வேர் ஒன்றும் செய்யாமலே. கீரையை எப்படிக் கழுவினார்கள் என்று எழுதாத அட்டவணையிலிருந்து நான் எண் எடுப்பதில்லை.